கனியோஹே தோட்டத்துப் பச்சோந்திகள்: இணை சேர்க்கும் முன் படிக்க வேண்டிய ஒரு நிகழ்வு

நடந்தது

1972ஆம் ஆண்டு ஹவாயின் ஓவாஹு தீவில், கனியோஹே என்ற ஊரில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கென்யாவிலிருந்து பல டஜன் பச்சோந்திகள் வந்து சேர்ந்தன. ஆணின் முகத்தில் மூன்று கொம்புகள் நீட்டி நிற்கும் ஜாக்சன் பச்சோந்திகள் அவை. கென்யா மலைச் சரிவுகளின் குளிர்ந்த, ஈரமான காடுகள்தான் அவற்றின் பிறப்பிடம். வந்து சேர்ந்தபோது மெலிந்து, நீர்வற்றிப் போயிருந்தன. நெடும்பயணம் செய்த பச்சோந்தி அப்படித்தான் வந்து சேரும்: கண் குழிவிழுந்து, தோல் மடிந்து, கிளையை இறுகப் பிடிக்கவும் தெம்பில்லாமல். கடைக்காரர் அவற்றைக் கூண்டில் அடைக்காமல் தன் வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளில் விட்டார். வெயில், மழை, பூச்சி எல்லாம் அங்கே கிடைக்கும். தேறியதும் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பிடிக்க முடியவில்லை. நிறமும் அசைவும் இலையோடு ஒன்றிப்போகும் ஒரு பிராணியைப் பகல் வெளிச்சத்தில் மரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது வல்லவர்களுக்கே கடினம். அவை தோட்டத்தைத் தாண்டின, ஊரைத் தாண்டின, ஊருக்குப் பின்னால் சுவர்போல் நிற்கும் கோஓலாவ் மலைச் சரிவுகளில் ஏறிப் பெருகின. பிறகு மனிதர் கையோடு மற்றத் தீவுகளுக்கும் போய் மாவியிலும் ஹவாய்ப் பெருந்தீவிலும் நிலைகொண்டன. 1981இல் கென்யா தன் பச்சோந்தி ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்கச் சந்தைக்குப் பச்சோந்திப் பஞ்சம் வரவில்லை. ஹவாய்க் காட்டில் பிடித்தவையே விற்பனைக்கு வந்தன.

அதன் விலையைக் கொடுத்தவை ஓவாஹுவின் மரநத்தைகள். அக்காட்டினெல்லா என்ற அந்தப் பேரினம் உலகில் ஓவாஹுவைத் தவிர வேறெங்கும் கிடையாது. கோடும் பட்டையும் கொண்ட பளபளப்பான சிறு கூடுகள். இலைமேல் படரும் பூஞ்சையைச் சுரண்டித் தின்று வாழும் உயிர்கள். ஆண்டுக்கு ஒருசில குட்டிகளை மட்டுமே ஈனும், பருவம் அடையவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். 1981இலேயே அமெரிக்க அரசு அந்தப் பேரினம் முழுவதையும் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்துவிட்டது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காட்டில் பிடிபட்ட ஜாக்சன் பச்சோந்திகளின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது இந்த நத்தைகள் கூட்டோடு விழுங்கப்பட்டுக் கிடந்தன. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நத்தைகளின் அழிவுக்குப் பச்சோந்தி மட்டும் காரணமல்ல. எலிகளும், 1955இல் வேறொரு நத்தையை ஒழிக்கக் கொண்டுவந்து விடப்பட்ட நத்தைதின்னி நத்தையும் அதற்கு முன்பே பெருஞ்சேதம் செய்திருந்தன. ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்த இனத்தின் மேல் இன்னொரு சுமையாக வந்து விழுந்தது பச்சோந்தி.

பச்சோந்தி வளர்க்கும் பலருக்கும் இந்த நிகழ்வு அரைகுறையாகத் தெரியும். இனப்பெருக்கத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்பார்கள். எல்லாத் தொடர்பும் உண்டு. கைக்கு மீறிய எண்ணிக்கை, போதாத கூண்டு, இரக்கம், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கை. இந்த நான்கும்தான் ஒரு புதியவரின் வீட்டில் முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை இட்ட முட்டைகளில், குஞ்சுகள் பொரிந்த மூன்றாம் வாரத்தில் ஒன்றுகூடுகின்றன. கனியோஹே கடைக்காரர் கெட்டவர் அல்லர். மெலிந்த பிராணியைக் கண்டு மனம் இளகியவர். அதனால்தான் அவர் கதையை எடுத்துக்கொண்டேன்.

ஏன் நிலைத்தன

விட்டுவிட்ட பிராணிகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். இவை ஏன் சாகவில்லை?

முதல் காரணம் தட்பவெப்பம். பகலில் மிதமான வெயில், இரவில் நல்ல குளிர், இலையில் எப்போதும் ஈரம் என்று கென்யா மலையில் பழகியது எல்லாம் கோஓலாவ் சரிவிலும் இருந்தது. இரண்டாவது, மரமேறி வேட்டையாடும் பாம்பு அங்கே இல்லை. ஹவாய்க் காட்டில் நிலைத்த பாம்பு என்றால், நம் ஊர் மண்ணில் புழுப்போல நெளியும் அந்தச் சிறு குருட்டுப் பாம்புதான். அதுவும் பூந்தொட்டி மண்ணோடு போய்ச் சேர்ந்தது, கறையானையும் எறும்பின் முட்டையையும் தின்று கிடப்பது.

மூன்றாவது காரணத்தை இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாக்சன் பச்சோந்தி முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. குளிர்ந்த மலை மண்ணில் முட்டையைப் புதைத்தால் அது வளரச் சூடு போதாது. தாய் முட்டைகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, காலை வெயிலில் பக்கவாட்டில் தட்டையாக விரிந்து காய்ந்து, அவற்றுக்குச் சூடேற்றுகிறாள். ஏழெட்டு மாதம் சுமந்து, ஒரே நாளில் பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேலாகக் குட்டிகளைக் கிளைகளில் உதிர்த்துவிட்டுப் போகிறாள். காட்டில் பிடிக்கப்பட்டுப் பெட்டியில் வரும் பெண், பார்வைக்கு மெலிந்திருந்தாலும் சினையாக இருக்கலாம். சினையாக இல்லாவிட்டாலும் ஆணின் விந்தணுக்களை உடலில் மாதக்கணக்கில் தேக்கி வைத்திருக்கலாம். பச்சோந்திகளில் பலவற்றுக்கும் இந்தத் திறன் உண்டு. 'ஆண் இல்லையே, குட்டி எங்கிருந்து வரும்' என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

ஒரு பெண் தப்பினால் ஒரு கூட்டமே தப்பியதாகக் கொள்ள வேண்டும். கனியோஹே தோட்டத்தில் தப்பியவை பல டஜன்.

எண்ணிக்கை

இன்று உலகெங்கும் புதியவர் கையில் முதலில் வந்து சேர்வது ஜாக்சன் அல்ல, ஏமன் பச்சோந்தி. ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியையும் சேர்ந்தது. தலையில் உயர்ந்த கொண்டை, பச்சை உடம்பில் மஞ்சள் பட்டை. உறுதியானது, வெப்பத்தைத் தாங்கும், இலையும் தின்னும். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்குக் காரணமே அது முட்டையிடும் வேகம்தான்.

ஏமன் பச்சோந்தி ஐந்தாறு மாதத்திலேயே பருவம் அடைந்துவிடுகிறது. ஒரு ஈட்டில் இருபது முதல் எழுபது முட்டை சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு. ஒருமுறை இணை சேர்ந்தால், தேக்கிய விந்தணுவைக் கொண்டு அடுத்த ஈட்டையும் கருவுற்றதாகவே இட முடியும். முட்டை பொரிய ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். இதைச் சேர்த்துப் பாருங்கள். முதல் ஈடு இன்னும் டப்பாவில் இருக்கும்போதே இரண்டாம் ஈடு வந்துவிடும். முதல் குஞ்சின் முகத்தைப் பார்க்கும் முன்பே நூறு முட்டை கையில் இருக்கும். 'ஒரு தடவை செய்து பார்க்கலாம்' என்று இணை சேர்த்தவர் ஒரு தடவையோடு நிற்க முடியாது. நிறுத்தும் உரிமை அந்தப் பெண்ணின் உடலிடம் இருக்கிறது.

முப்பது குஞ்சு பொரிந்தால் என்ன ஆகும்? முதல் வாரங்களில் ஒவ்வொன்றும் நாள் முழுக்கத் தின்னும். சிறகில்லாப் பழ ஈயும், எறும்பளவு சுவர்க்கோழிக் குஞ்சுகளும் வேண்டும். தலைக்கு முப்பது என்று வைத்தாலும் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பூச்சி. அவை கடையில் கிடைக்கும் என்று நம்பியிருந்தால் முதல் விடுமுறை நாளிலேயே பட்டினி. பழ ஈயை வீட்டில் வளர்க்கக் கற்றுக்கொண்டு, குஞ்சு பொரிவதற்கு மாதங்களுக்கு முன்பே புட்டிகளில் ஈ பெருகிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மாதம் ஆவதற்குள் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். சேர்ந்திருந்தால் பெரியது சிறியதை மிரட்டும், வாலைக் கடிக்கும். கடிக்காவிட்டாலும் சிறியது இலை மறைவில் ஒடுங்கி, தின்னாமல், வெயில் காயாமல் தேய்ந்து போகும். முப்பது குஞ்சுக்கு முப்பது கூண்டு, முப்பது புற ஊதா விளக்கின் வெளிச்சம், முப்பது இடத்தில் தெளிக்கத் தண்ணீர். ஒரு படுக்கையறை போதாது.

இந்தக் கணக்கைத் தாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் பதிவு இருக்கிறது. 2002இல் மாவி தீவில் ஏமன் பச்சோந்திகள் காட்டோரத்தில் பெருகியிருப்பது தெரியவந்தது. ஹவாயில் வைத்திருக்கவே தடை செய்யப்பட்ட இனம் அது. ஆட்கள் இரவில் கைவிளக்கோடு போய்த் தேட வேண்டியிருந்தது. பகலில் கண்ணில் படாத பச்சோந்தி, தூங்கும்போது வெளிறிப்போய் விளக்கொளியில் கிளை நுனியில் வெள்ளையாகத் தெரியும். ஏறத்தாழ அதே சமயத்தில் புளோரிடாவின் தென்மேற்குக் கரையிலும் ஏமன் பச்சோந்திக் கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. புளோரிடாவின் செய்தி இன்னும் கசப்பானது. தப்பியவை போக, வேண்டுமென்றே விட்டவையும் உண்டு. திறந்த வெளியில் விட்டு, தானாகப் பெருகவிட்டு, இரவில் போய்க் குட்டிகளைப் பிடித்து விற்பது. கூண்டுச் செலவு இல்லை, தீனிச் செலவு இல்லை. இதை இனப்பெருக்கம் என்று சொல்லிக்கொள்பவரை நான் வளர்ப்பவராகவே எண்ணுவதில்லை.

தாயின் உடல்

புதியவர்களின் பேச்சு எப்போதும் முட்டையைப் பற்றியும் குஞ்சைப் பற்றியும் இருக்கிறது. நான் அதிகம் எழுத விரும்புவது பெண் பச்சோந்தியைப் பற்றி. பொறுப்பில்லாத இனப்பெருக்கத்தில் முதலில் சாவது அவள்தான்.

ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏமன் பச்சோந்திப் பெண் முட்டையிடுவாள், கோழியைப் போல. ஆகவே பெண்ணை வாங்கிய ஒவ்வொருவரும், இணை சேர்க்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், முட்டையிடும் ஒரு பிராணியைத்தான் வளர்க்கிறார். புதியவருக்கு நான் சொல்லும் வழி இதுவே: ஆணைத் தேடாதீர்கள். உங்கள் பெண் கருவுறாத ஓர் ஈட்டை நல்லபடியாக இட்டு, உடல் தேறி எழுவதை ஒருமுறை உங்கள் பொறுப்பில் நடத்திக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அவளுக்கு ஒரு வயதாவது நிறைந்திருந்தால், பேசலாம். ஐந்தாறு மாதத்தில் பருவம் வந்துவிடுகிறது என்பது உண்மை. அந்த வயதில் அவளுடைய எலும்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் உணவிலிருந்து வரவில்லை என்றால் எலும்பிலிருந்து போகும். தசை சுருங்கி முட்டையை வெளியே தள்ளவும் இரத்தத்தில் கால்சியம் வேண்டும். பூச்சியின் மேல் கால்சியப் பொடி தூவுவது, அந்தக் கால்சியத்தை உடல் ஏற்றுக்கொள்ளப் புற ஊதாக் குழல் விளக்கு எரிவது, இரண்டும் சேர்ந்தால்தான் பயன். விளக்கு ஒளிவிடுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் அதன் புற ஊதாக் கதிர் மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. கூண்டின் மேலே கண்ணாடி வைத்தாலும் அந்தக் கதிர் உள்ளே வராது.

இன்னொன்று, அன்பின் பெயரால் நடக்கும் கேடு. வளர்ந்த பெண்ணுக்குத் தினமும் வயிறு நிறையத் தீனி, நல்ல சூடு என்று கொடுத்தால் உடல் அதை வளமான பருவம் என்று எடுத்துக்கொண்டு அறுபது எழுபது முட்டைகளை உருவாக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் அளவான தீனி, வெயில் காயும் கிளையில் 27 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மிதமான சூடு என்று வைத்தால் ஈடு சிறுக்கும். இருபது முட்டை இட்டவள் மறுவாரமே தெளிவாக நடமாடுவாள். எழுபது இட்டவள் தோலும் எலும்புமாக வெளியே வருவாள்.

அவள் நிறத்தைப் படிக்கத் தெரியாமல் ஆணைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இணைய விருப்பமுள்ள பெண்ணின் பச்சை உடம்பில் வெளிர்நீலப் புள்ளிகள் தோன்றும். ஆணைக் கண்டால் அமைதியாக இருப்பாள், மெல்ல நகர்ந்து போவாள். விருப்பமில்லாதவள் உடம்பைத் தட்டையாக விரித்து, கருத்து, வாயைத் திறந்து சீறுவாள், முன்னும் பின்னும் ஆடுவாள். அந்த நொடியே ஆணின் கூண்டிலிருந்து அவளை எடுத்துவிட வேண்டும். 'பழகிவிடும்' என்று சேர்த்து விட்டு வைப்பவர்கள் கிழிந்த தோலையும் உடைந்த காலையும்தான் பார்க்கிறார்கள். இணைந்த பிறகு ஓரிரு நாளில் அவள் நிறம் முற்றிலும் மாறும்: கரும்பச்சை, சில சமயம் கறுப்பே, அதன்மேல் பளிச்சென்ற மஞ்சளும் நீலமும். இனி யாரும் கிட்டே வரக் கூடாது என்று உடம்பால் எழுதிக் காட்டுகிறாள். அப்போது அவள் தன் கூண்டில் தனியாக இருக்க வேண்டும். ஆண் கண்ணில் படவே கூடாது.

இணைந்து மூன்று நான்கு வாரத்தில் முட்டையிடும் நாள் வரும். அதற்கு முன் உணவைக் குறைப்பாள், பிறகு நிறுத்துவாள். கிளையைவிட்டு இறங்கித் தரையில் அலைவாள், கூண்டின் மூலைகளைச் சுரண்டுவாள். இறங்கும் நாளில் அவளுக்குத் தோண்ட மண் இருக்க வேண்டும். ஓர் அடி ஆழமாவது உள்ள தொட்டியில், கழுவிய ஆற்று மணல் அல்லது மணலும் மண்ணும் கலந்தது. கையை உள்ளே விட்டுச் சுரங்கம் குடைந்தால் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். உலர்ந்தால் சரியும், சேறானால் மூழ்கடிக்கும். ஓரிடத்தில் தோண்டுவாள், பிடிக்காமல் விட்டுவிட்டு வேறிடம் போவாள். மனத்துக்கு ஒத்த இடம் கிடைத்ததும் முன்னங்கால்களால் வாரி வாரிப் பின்னே தள்ளி, முழு உடம்பும் மறையும் அளவுக்குக் குடைந்து, உள்ளேயே திரும்பி, முகம் வாசலைப் பார்க்க அமர்ந்து முட்டையிடுவாள். முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, காலால் தட்டித் தட்டிச் சமன் செய்வாள். இதற்கு ஒரு நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இந்த நேரத்தில் அவளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆள் பார்ப்பதைக் கண்டால் பாதிக் குழியைக் கைவிட்டு மேலே ஏறிவிடுவாள். கூண்டைச் சுற்றித் துணி கட்டி, சிறு இடைவெளி வழியாக, அசையாமல், எப்போதாவது ஒருமுறை பார்த்தால் போதும்.

கைவிட்டவள் திரும்ப இறங்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தேங்கும். தோண்ட இடமில்லாமை, கால்சியக் குறை, நீர்வற்றல், மிதமிஞ்சிய ஈடு, பருவத்துக்கு முந்திய சினை எனத் தேக்கத்துக்குப் பல காரணங்கள்; பெரும்பாலானவை வளர்ப்பவர் கையில் உள்ளவை. பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பிடி தளர்ந்தால், தரையில் படுத்தே கிடந்தால், அது காத்திருக்கும் நேரமல்ல. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். எக்ஸ்ரே, கால்சிய ஊசி, அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை. அப்படிப்பட்ட மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார், எவ்வளவு நேரப் பயணம், எவ்வளவு செலவாகும் என்பதை இணை சேர்க்கும் முன்பே விசாரித்து வைக்காதவர் ஆயத்தமானவர் அல்லர். நாய், பூனையை நன்றாகப் பார்க்கும் மருத்துவர்கள் பலர் ஒரு பச்சோந்தியைக் கையில் எடுத்ததே இல்லை.

முட்டையும் குஞ்சும்

இதில் வேலை குறைவு, பொறுமை அதிகம். முட்டையை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க வேண்டும். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். மாடித்தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் வெர்மிகுலைட்டை எடைக்கு எடை தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள டப்பாவில் பரப்பி, முட்டையைப் பாதி புதைய, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும். ஒன்று பூஞ்சை பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது. 25 முதல் 28 டிகிரி. சென்னை, மதுரைக் கோடையில் அறை வெப்பமே இதைத் தாண்டிவிடும். பலர் சூடேற்றுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். நம் ஊரில் குளிர்விப்பதுதான் பாடு. சூடு கூடினால் குஞ்சு சீக்கிரம் வரும், சிறிதாகவும் நலிந்தும் வரும்.

மாதங்கள் கழித்து ஒருநாள் முட்டையின் மேல் வியர்த்ததுபோல நீர்த்துளிகள் அரும்பும், முட்டை லேசாகத் தளரும். பிறகு முனையில் நட்சத்திரம்போல ஒரு கிழிசல். அதிலிருந்து மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டு குஞ்சு மணிக்கணக்கில், சில சமயம் நாள் முழுக்க, அப்படியே இருக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை அது உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. உதவுவதாக நினைத்து ஓட்டை உரிப்பவர் அந்தக் குஞ்சைக் கொல்கிறார்.

குஞ்சுகளில் சில சாகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் சாகும். ஈட்டில் பாதி செத்தால் மட்டும் அது விதி அல்ல. தண்ணீரோ வெளிச்சமோ தீனியோ எங்கோ தவறியிருக்கிறது. ஏமன் பச்சோந்தியில் ஆண் குஞ்சுக்குப் பிறக்கும்போதே பின்னங்காலில் குதிமுள் இருக்கும். ஆகவே 'ஆணா பெண்ணா தெரியாது' என்று சொல்லி விற்பதற்குச் சாக்கில்லை. வாங்குபவரிடம் பெண் என்று சொல்லி, அவள் முட்டையிடுவாள் என்றும் சொல்லி, மண் தொட்டியைப் பற்றியும் சொல்லி அனுப்புவது விற்பவரின் கடமை.

எந்த ஊர்ப் பச்சோந்தி

மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியில் இன்னொரு சிக்கல். அம்பிலோபே ஆண் சிவப்பும் நீலமுமாக இருப்பான், நோசி பே ஆண் நீலப்பச்சை. பகுதிக்குப் பகுதி நிறம் மாறும். பெண்களோ எங்கிருந்து வந்தாலும் ஏறத்தாழ ஒரே மங்கல் இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு. பெண்ணைப் பார்த்து அவள் எந்தப் பகுதி என்று கண்ணால் சொல்ல முடியாது. விற்றவரின் சொல்லும் அவர் வைத்திருக்கும் பரம்பரைக் குறிப்பும்தான் ஆதாரம். 2015இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்த நிறவகைகள் தனி இனங்களாகவே எண்ணத்தக்க அளவுக்கு வேறுபட்டவை என்று காட்டியது. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. கலந்த பெண் குஞ்சு, எந்த அடையாளமும் இல்லாமல் இன்னொருவர் வீட்டுக்குப் போய், அங்கேயும் கலக்கும். ஆகவே தாய், தகப்பன், பாட்டன், பிறந்த தேதி, யாரிடமிருந்து வாங்கியது என்ற ஏடு வேண்டும். ஏடில்லாத பெண்ணைச் செல்லமாக வளர்க்கலாம், இணை சேர்க்கக் கூடாது. ஒரே ஈட்டுக் குஞ்சுகளைச் சோடியாக விற்பதும் வேண்டாம். அண்ணனும் தங்கையும் இணைவதற்கு நாமே வழி செய்ததாகும்.

மிஞ்சியவை

முட்டை எழுபது, இடம் பத்துக் குஞ்சுக்குத்தான் என்றால் மீதி அறுபதை என்ன செய்வது? பலர் பேசத் தயங்கும் இடம் இது. பச்சோந்தி முட்டையிடும்போது உள்ளே இருக்கும் கரு மற்றப் பல்லிகளோடு ஒப்பிட்டால் மிக இளநிலையில் இருக்கிறது. உறுப்புகள் எதுவும் உருவாகத் தொடங்கியிருக்காது. முட்டை பொரிய இத்தனை மாதம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இட்ட அன்றே மிகுதி முட்டைகளை உறைபெட்டியில் வைத்துவிடலாம். உயிர் உணர்வு பெறுவதற்கு வெகு முன்பே அது முடிந்துவிடுகிறது. இதைக் கொடுமை என்று சொல்பவர்களின் மனத்தை மதிக்கிறேன். ஆனால் அறுபது குஞ்சுகளைப் பொரிக்கவிட்டு, விலை குறைத்துத் தள்ளி, கிடைத்த பெட்டியில் கிடைத்தவர் கையில் கொடுத்து, மூன்றாம் மாதத்தில் வளைந்த கால்களோடு சாகவிடுவது அதைவிடப் பலமடங்கு கொடுமை. பத்து என்று முடிவெடுத்தால் பத்து. அந்த எண்ணை இணை சேர்க்கும் முன் எழுதி வைக்க வேண்டும். குஞ்சு முகத்தைப் பார்த்த பிறகு எவராலும் எண்ணைக் குறைக்க முடியாது.

இந்தியாவில் வளர்ப்பவருக்குச் சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் வாழும் நம் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சாலையோரம் கிடைத்த குட்டியை வீட்டில் வளர்ப்பதும் அதில் அடங்கும். வெளிநாட்டுப் பச்சோந்திகளில் பெரும்பாலானவை அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த இனங்களும் இந்தியச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி வைத்திருப்பவர் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லாத பெற்றோருக்குப் பிறந்த குஞ்சைச் சட்டப்படி யாருக்கும் கொடுக்க முடியாது. முதலில் தாயின் தாளைச் சரிசெய்ய வேண்டும், பிறகு மற்றதெல்லாம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் ஜாக்சன் பச்சோந்தியின் மேல் ஆசைப்படலாம். சென்னை வெயிலில் அது நலியும். மலையில் நன்றாக இருக்கும். அதே காரணத்தால்தான் எனக்கு அச்சம். பகலில் மிதவெயில், இரவில் குளிர், இலையில் எப்போதும் ஈரம், இது சோலைக்காடும்தான். அந்தக் காட்டிலும் வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் உண்டு. மலையில் வளர்ப்பவர் கூண்டை வாசலில் வைத்து 'கொஞ்சம் காற்றாடட்டும்' என்று விடுவதைக்கூட நான் ஏற்க மாட்டேன். இரட்டைக் கதவுள்ள அறை, வலைக்கு உள்ளே வலை, இரவில் எண்ணிக்கை சரிபார்த்தல். இவை இல்லாவிட்டால் அங்கே ஜாக்சன் வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போகும் நாள் எவருக்கும் வரலாம். ஹவாயில் தடைசெய்யப்பட்ட பிராணியை வைத்திருந்து பிடிபட்டால் இரண்டு லட்சம் டாலர் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. விசாரணை தொடங்கும் முன் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் தண்டனை இல்லை. அந்த இரண்டாவது பாதிதான் காட்டைக் காப்பாற்றுகிறது. பயந்தவன் இரவில் போய் மரத்தில் விட்டுவிடுவான். நம் ஊரில் இணை சேர்ப்பவர்களும் இதைத் தங்கள் மட்டத்தில் செய்யலாம்: குஞ்சை விற்கும்போதே, எந்த வயதில், எந்த நிலையில் திருப்பிக் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பது. அதற்காகவே இரண்டு கூண்டு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். திரும்பி வருவது நோயோடு வரலாம் என்பதால் அவை மற்றக் கூண்டுகளோடு சேராத தனி அறையில் இருக்க வேண்டும்.